அலமாரியில் கிடைத்த பழைய டாகுமார் லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் போடலாமா?

கேள்வி இது: அப்பாவின் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் பிலிம் கேமராவும், சூப்பர்-டாகுமார் 55 மி.மீ. எஃப்/1.8, 135 மி.மீ. எஃப்/3.5 என்று இரண்டு லென்ஸ்களும் தோல் உறையோடு அலமாரியில் கிடைத்திருக்கின்றன. வீடு கடலோர ஊரில். கையில் இருப்பது சோனி ஏ6400, கிட் லென்ஸோடு. 55-இன் உள்ளே நூல் நூலாக ஏதோ தெரிகிறது. இவற்றைப் பயன்படுத்த முடியுமா, என்ன வாங்க வேண்டும், எல்லோரும் சொல்லும் ஹீலியோஸ் 44-2 ஒன்றையும் வாங்கிவிடலாமா?

போடலாம். இரண்டு லென்ஸும் ஏ6400-இல் நன்றாக வேலை செய்யும். ஆட்டோ ஃபோகஸ் இருக்காது. அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துவாரத்தின் அளவை, லென்ஸின் வளையத்தைத் திருப்பித்தான் மாற்ற வேண்டும். ஹீலியோஸ் இப்போது வேண்டாம், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த நூல். லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும். பழைய லென்ஸில் பெயரைவிட நிலைதான் பெரிது. பேர்போன லென்ஸ் ஒன்று உள்ளே பால் படர்ந்து கிடந்தால், சுத்தமாக இருக்கும் சாதாரண லென்ஸ் அதைவிட நல்ல படம் தரும்.

இருட்டான அறையில் லென்ஸின் முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றுங்கள். பக்கவாட்டில் ஏ, எம் என்று எழுதிய சின்ன விசை இருக்கும். அதை ஏ பக்கம் தள்ளினால் அபெர்ச்சர் இதழ்கள் முழுதாகத் திறந்து நிற்கும். கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது. பிறகு திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்தும் பாருங்கள். நான்கு விதமான குறைகள் தெரியலாம், நான்கும் ஒன்றல்ல.

தூசி என்றால் விட்டுவிடுங்கள். ஐம்பது வருடம் ஆன லென்ஸில் தூசி இல்லாமல் இருக்காது, படத்தில் அது வராது. கிளை கிளையாகப் பிரியும் வெள்ளை நூல் என்றால் அது பூஞ்சை. உங்கள் வர்ணனைக்கு இதுதான் பொருந்துகிறது. பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிப் படரும். கண்ணாடி முழுவதும் புகை பிடித்தாற்போல் மங்கலாக ஒளிர்ந்தால், அது கிரீஸிலிருந்து ஆவியான எண்ணெய் படிந்த மூட்டம். ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் திட்டாகவோ, குமிழியாகவோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டியிருந்த பசை விட்டுப்போயிருக்கிறது. இந்தக் கடைசிக் குறையைச் சரிசெய்ய ஆகும் செலவில் வேறு லென்ஸே வாங்கிவிடலாம். அது கண்ணில் பட்டால் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

பூஞ்சை கண்ணாடியின் மேல் உள்ள பூச்சில் வளர்கிறது. வளரும்போது அமிலத்தைச் சுரக்கிறது, அந்த அமிலம் பூச்சை அரிக்கிறது, நாளானால் கண்ணாடியையும். அதனால்தான் புதிதாக வந்ததைத் துடைத்தால் தடமே இல்லாமல் போய்விடும். பத்து வருடம் கிடந்ததைத் துடைத்தால் பூஞ்சை போகும், அது ஓடிய கோடு பூச்சில் நிற்கும். ஆனாலும் பயப்பட வேண்டாம். ஓரத்தில் நாலைந்து நூல் இருப்பதால் சாதாரண வெளிச்சத்தில் படத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. சூரியனோ தெருவிளக்கோ சட்டகத்துக்குள் வரும்போதுதான் தெரியும்: கறுப்பு கறுப்பாக இருக்காது, ஒரு வெண்படலம் மேலே விழும். இந்த விஷயத்தில் மூட்டம் பூஞ்சையைவிட மோசம், ஏனென்றால் அது எல்லா வெளிச்சத்திலும் கான்ட்ராஸ்டைக் குறைக்கும்.

கீறலிலும் ஒரு வேறுபாடு உண்டு. முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் பெரிதாக ஒன்றும் செய்யாது. பின்கண்ணாடியில் இருக்கும் கீறல் சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அதிகம் தொல்லை தரும். பழைய லென்ஸ் விற்பவர்கள் எப்போதும் முன்பக்கத்தைத்தான் படம் பிடித்துப் போடுவார்கள். பின்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சுத்தம் செய்வதை நல்ல கேமரா மெக்கானிக் ஒருவரிடம் விடுவதே என் யோசனை. "பூஞ்சை எடுக்க வேண்டும், ஹெலிகாய்டைப் பிரிக்கத் தேவையில்லை என்றால் பிரிக்க வேண்டாம்" என்று சொல்லியே கொடுங்கள். ஹெலிகாய்டு என்பது ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் பல தொடக்கங்கள் கொண்ட மரை. அதைக் கழற்றினால் திரும்பப் பல இடங்களில் பிடிக்கும். அவற்றில் ஒரே ஒரு இடத்தில்தான் இன்ஃபினிட்டி, அதாவது மிகத் தொலைவுக்கான ஃபோகஸ், சரியாக வரும். குறி போடாமல் கழற்றி, அரைநாள் முழுக்கத் திருகித் திருகிப் பார்ப்பது வீட்டில் கைவைப்பவர்களுக்கு வழக்கமாக நேர்வது.

நீங்களே செய்வதென்றால், பூஞ்சை முன்கண்ணாடியின் உட்பக்கத்திலோ பின்தொகுதியிலோ இருந்தால் மட்டும் இறங்குங்கள். பெயர் பொறித்த முன்வளையத்தை ரப்பர் கட்டை ஒன்றை அழுத்தித் திருகினால் கழன்று வரும். உள்ளே இருக்கும் வளையங்களுக்கு இரண்டு முனை கொண்ட லென்ஸ் ஸ்பேனர் வேண்டும். கத்தரிக்கோல் முனையால் முயன்றால் அது வழுக்கிக் கண்ணாடியில்தான் போய் நிற்கும். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் கைப்பேசியில் ஒரு படம், கண்ணாடியின் விளிம்பில் எந்தப் பக்கம் முன் என்று பென்சில் குறி. மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் கலந்து, லென்ஸ் தாளில் நனைத்து, கண்ணாடியின் மேல் ஐந்து நிமிடம் படிய விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுழற்றித் துடையுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை. அழுத்தித் தேய்க்கக் கூடாது. போகாத தடம் அரிப்புத் தடம். தேய்த்தால் பூச்சுதான் போகும். வெயிலில் வைத்தால் பூஞ்சை போய்விடும் என்று சொல்வார்கள். புற ஊதாக் கதிர் வளர்ச்சியைத் தடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கும் நூலை அது எடுத்துவிடாது.

லென்ஸை வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பாருங்கள், தேநீர் நிறமாகத் தெரிகிறதா என்று. அந்தக் காலத்து டாகுமார்களில் சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு சேர்த்திருப்பார்கள். ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர்-டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 இதற்குப் பேர்போனது, பிற்கால 55-களிலும் சில இப்படி உண்டு. தோரியத்தின் கதிர்வீச்சு பல ஆண்டுகளில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் தேய்த்துப் பொடியாக்குவதும், கண்ணுக்கு அருகே உருப்பெருக்கியாக வைத்துப் பார்ப்பதும்தான் கூடாது. நிறம் ஒயிட் பேலன்ஸில் சரியாகிவிடும். நிறத்தை நீக்கியே ஆக வேண்டும் என்றால் புற ஊதா எல்.ஈ.டி. விளக்கின் அடியில் சில நாள் வையுங்கள். வெயிலில் வைப்பதானால் மறுமுனையை அலுமினியத் தாளால் கட்டாயம் மூடுங்கள். மூடாத லென்ஸ் வெயிலைக் குவித்துப் பாயையோ மேசைத்துணியையோ பற்ற வைத்துவிடும்; இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வது அல்ல, உண்மையிலேயே நடப்பது.

கடைசியாக இதழ்கள். விசையை ஏ-யில் வைத்து, வளையத்தை 16-க்குத் திருப்பி, பின்பக்கம் நீட்டியிருக்கும் சிறு ஊசியை விரலால் அழுத்துங்கள். இதழ்கள் சட்டென்று மூடி, விட்டதும் சட்டென்று திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது. பிலிம் கேமராவில் அது பெரிய குறை. மிரர்லெஸ்ஸில் முன்கூட்டியே மூடி வைத்துத்தான் எடுக்கப் போகிறீர்கள், எனவே மெதுவாக மூடினாலும் பரவாயில்லை. ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை என்றால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

அடாப்டர்

ஸ்பாட்மேட்டிக் 1964-இல் வந்தது. அதன் லென்ஸ்கள் திருகி மாட்டும் எம்42 வகை: 42 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து பிலிம் வரை 45.46 மி.மீ. உங்கள் சோனி இ-மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ. அளவுக்கு ஒரு வெற்றுக் குழாய் வைத்தால் லென்ஸ் தனக்குரிய இடத்தில் நிற்கும். அடாப்டர் என்பது அவ்வளவுதான், உள்ளே கண்ணாடி கிடையாது. கண்ணாடி வைத்த எம்42 அடாப்டரை யாராவது காட்டினால் அது உங்களுக்கானது அல்ல.

கண்ணாடி வைத்தது யாருக்கு என்று கேட்டால், நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு. நிக்கான் எஃப் மவுண்டின் தூரம் 46.5 மி.மீ.; எம்42-ஐவிட 1.04 மி.மீ. அதிகம். அதில் உங்கள் 55-ஐ வெறும் வளையத்தோடு மாட்டினால் லென்ஸ் தேவைக்கு மேல் முன்னால் நிற்கும், சுமார் 3 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகாது. அதைச் சரிக்கட்ட ஒரு கண்ணாடி வைப்பார்கள், அது படத்தைக் கெடுக்கும். கேனான் இ.எஃப். 44 மி.மீ. என்பதால் அங்கே சிக்கல் இல்லை. மிரர்லெஸ் எல்லாவற்றிலும் தூரம் குறைவு: ஃபுஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16, கேனான் ஆர்.எஃப். 20. பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது இந்தச் சில மில்லிமீட்டர்களால்தான்.

கடைகளில் இது இன்றும் "எம்42 நெக்ஸ்" என்ற பெயரில்தான் கிடைக்கிறது. 2010-இல் வந்த முதல் இ-மவுண்ட் கேமராக்களின் பெயர் நெக்ஸ். அடாப்டரின் உள்விளிம்பில் ஒரு படி இருக்கும் வகை, அந்தப் பின்பக்க ஊசியைத் தானாகவே அழுத்திப் பிடித்திருக்கும். படி இல்லாத வகையில் ஊசி சும்மா நிற்கும்; விசையை எம்-இல் வைத்தால்தான் இதழ்கள் வளையத்தோடு நகரும். உங்கள் இரண்டு லென்ஸிலும் விசை இருப்பதால் எந்த வகையும் சரி. விசை இல்லாத ஹீலியோஸ் 44எம்-4 போன்றவற்றுக்குப் படி உள்ளது வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு திருப்பினாலும் அபெர்ச்சர் திறந்தேதான் இருக்கும், லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லியதாகச் செய்வார்கள், இன்ஃபினிட்டி கிடைக்கவில்லை என்ற புகார் வரக்கூடாது என்பதற்காக. 0.1 மி.மீ. குறைந்தால்கூட, உங்கள் 55-இன் தூர அளவுகோல் 30 மீட்டர் காட்டும்போதே நிலவு தெளிவாகிவிடும், 28 மி.மீ. லென்ஸில் 8 மீட்டரிலேயே. எனவே முதல் நாளே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தையோ நிலவையோ உருப்பெருக்கிப் பார்த்து, அளவுகோல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்ஃபினிட்டியைத் தாண்டி வளையம் ஓடுவது குறையல்ல. வளையத்தை முட்டும் வரை திருப்பிவிட்டு "இன்ஃபினிட்டியில் வைத்தேன், படம் மங்கல்" என்பதுதான் பிழை.

மாட்டிய பிறகு லென்ஸின் நடுக்குறி மேலே நிற்காமல் பக்கவாட்டில் நின்றால், அடாப்டரின் விளிம்பில் மூன்று குட்டித் திருகுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி உள்வளையத்தைச் சுழற்றி மறுபடி இறுக்கலாம். லென்ஸ் இரண்டு சுற்றுக்குள் இறுகி நின்றுவிட்டால் வலிந்து திருகாதீர்கள். டி2 என்று ஒரு வகை இருக்கிறது, அதுவும் 42 மி.மீ. விட்டம்தான்; மரை இடைவெளி 0.75 மி.மீ. இரண்டும் முதலில் பிடிப்பதுபோல் காட்டி மரையைத் தின்றுவிடும். அடாப்டரின் உட்சுவர் பளபளப்பாக இருந்தால், அங்கே பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் படத்தை வெளுக்கச் செய்யும். கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை உள்ளே ஒட்டுங்கள். அரை மணி நேர வேலை, பலன் கண்ணுக்குத் தெரியும்.

கேமராவில் செய்ய வேண்டியவை

கேமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியாது. எனவே மெனுவில் "ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்" என்பதை "எனேபிள்" செய்யாவிட்டால் ஷட்டர் விழாது. அடாப்டரில் கோளாறு என்று பலர் நினைப்பது இதைத்தான். திரையில் அபெர்ச்சர் எண் வராது, படத்தின் தகவலிலும் பதிவாகாது.

ஏ என்ற அபெர்ச்சர் பிரையாரிட்டி முறை அப்படியே வேலை செய்யும். நீங்கள் வளையத்தை மூடினால் கேமரா ஷட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் முறை) போட்டிருந்தால், எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் என்று தெரியாததால் கேமரா தாராளமாக 1/60-க்கு இறங்கிவிடும். ஏ6400-க்கு உடலில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, இந்த லென்ஸ்களிலும் கிடையாது. உங்கள் சென்சார் பிலிம் சட்டகத்தைவிடச் சிறியது என்பதால், 55 அதில் 82 மி.மீ. போலவும், 135 ஏறக்குறைய 200 மி.மீ. போலவும் நடந்துகொள்ளும். எனவே "ஐ.எஸ்.ஓ. ஆட்டோ மினிமம் எஸ்.எஸ்." என்பதை 55-க்கு 1/125, 135-க்கு 1/250 என்று நீங்களே வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 1600-க்கு ஏறினாலும் ஏறட்டும். கொஞ்சம் மணல்மணலாகத் தெரியும் படத்தைச் சரிசெய்ய முடியும், கை ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. உடலில் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா வைத்திருப்பவர்கள் குவியத் தூரத்தைக் கையால் பதிய வேண்டும்: 82 அல்ல, லென்ஸில் எழுதியிருக்கும் 55. தவறான எண்ணைக் கொடுத்தால் திருத்தமே ஆட்டமாகிவிடும்.

நண்பகல் வெயிலில் வேறு சிக்கல். ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப்/1.8-க்கு 1/8000 தேவைப்படும். ஏ6400-இன் எல்லை 1/4000. எஃப்/2.8-க்கு மூடினால் 1/3200-இல் சமாளிக்கலாம். திறந்தே எடுக்க வேண்டும் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் 49 மி.மீ. என்.டி.8 ஃபில்டர் ஒன்று. இரண்டு லென்ஸின் முன்மரையும் 49 மி.மீ. என்பதால் ஒன்றே போதும்.

இனி ஃபோகஸ். பழைய லென்ஸ் வாங்கியவர்களில் பாதிப்பேர் மனம் விட்டுப்போவது இங்கேதான். பீக்கிங் என்ற சிவப்புக் கோட்டை மட்டும் நம்புகிறார்கள். பீக்கிங் காட்டுவது மாறுபாடு மிகுந்த விளிம்புகளை. எஃப்/1.8-இல் கண் இமையும் சிவப்பாகும், மூக்கு நுனியும் சிவப்பாகும், இரண்டில் ஒன்றுதான் தெளிவாக இருக்கும். கணக்கைப் பாருங்கள்: 55 மி.மீ., எஃப்/1.8, 1.5 மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தம் சுமார் 5 செ.மீ.; 1 மீட்டரில் இரண்டரை செ.மீ.கூட இல்லை. நீங்கள் மூச்சு விடும்போது உடல் ஆடும் அளவு அது. அதையே எஃப்/4-க்கு மூடினால் 1.5 மீட்டரில் 12 செ.மீ. கிடைக்கும், முகம் முழுதும் அடங்கும். எனவே முதல் மாதம் ஆள் படங்களை எஃப்/2.8-க்கும் 4-க்கும் இடையில் எடுங்கள். கை பழகிய பிறகு திறக்கலாம். இந்த 55 எஃப்/2.8-இலிருந்து நல்ல கூர்மை தரும். முழுதாகத் திறந்தால் பளிச்சென்ற விளிம்புகளில் ஊதா நிறம் ஒட்டும், அதுவும் மூடினால் அடங்கும்.

பீக்கிங்கை "லோ"-வில், சிவப்பில் வையுங்கள். "ஃபோகஸ் மேக்னிஃபையர்" என்பதைக் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு பட்டனுக்கு மாற்றுங்கள். மின்தொடர்பு இல்லாததால் வளையத்தைத் திருப்பியதும் திரை தானாகப் பெரிதாகாது. எடுக்கும் வரிசை: பீக்கிங்கில் தோராயமாகப் பிடிப்பது, பட்டனை அழுத்திப் பெரிதாக்குவது, பக்கத்துக் கண்ணின் இமையில் திருத்துவது, ஷட்டரைப் பாதி அழுத்தி முழுச் சட்டகத்துக்குத் திரும்புவது, மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து எடுப்பது. நான்கில் ஒன்று துல்லியமாக விழும். எஃப்/2 முதல் 4 வரை எந்த அபெர்ச்சரில் எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். திறந்து வைத்துப் பிடித்துவிட்டுப் பிறகு மூடினால் சில பழைய லென்ஸ்களில் தெளிவான தளம் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

ஓடும் குழந்தைக்கும் தெருவுக்கும் வேறு வழி: இடத்தை முன்கூட்டிப் பிடித்து வைத்து, ஆள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துவது. லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஆழ அளவுகோல் இதற்காகவே இருக்கிறது. ஆனால் அது 35 மி.மீ. பிலிமுக்குப் போட்டது. உங்கள் சென்சார் சிறியது, படம் அதிகம் பெரிதாக்கப்படுகிறது. எனவே ஒரு ஸ்டாப் (அபெர்ச்சர் வரிசையில் ஒரு படி) குறைத்துப் படியுங்கள்: எஃப்/8-இல் எடுக்கிறீர்கள் என்றால் 5.6-க்கான கோடுகளுக்கு இடையில் உள்ளதை மட்டும் நம்புங்கள்.

சூப்பர்-டாகுமார்களில் ஒற்றைப் பூச்சுதான். பல அடுக்குப் பூச்சு பென்டாக்ஸில் 1971 வாக்கில் வந்தது. அதனால் எதிர்வெளிச்சத்தில் இவை சட்டென்று வெளுக்கும். லென்ஸின் முன்னால் மாட்டி ஓர வெளிச்சத்தை மறைக்கும் 49 மி.மீ. ரப்பர் ஹூட் ஒன்று வாங்குங்கள். உங்கள் சென்சார் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால் 55-க்கும் நீளமான ஹூட்டையே போடலாம், மூலைகள் வெட்டுப்படாது. உங்களுக்காகப் பட்டியல் போட்டால் அடாப்டருக்கு அடுத்தது இந்த ஹூட்தான்.

அடுத்தது எம்42 எக்ஸ்டென்ஷன் வளையங்கள், பொதுவாக 7, 14, 28 மி.மீ. என்று மூன்றாகக் கிடைப்பவை. 55-க்குப் பின்னால் 28-ஐ மாட்டினால் பொருளின் பாதி அளவு பிம்பம் சென்சாரில் விழும். பூச்சி, கோலமாவுப் புள்ளி, தும்பைப் பூ எல்லாம் சட்டகம் நிறைய வரும். வளையம் வெற்றுக் குழாய்தான், கண்ணாடி எதுவும் சேர்வதில்லை. இந்தப் பயன்பாட்டில் ஆட்டோ ஃபோகஸ் இல்லாததே தெரியாது, ஏனென்றால் மேக்ரோவில் ஃபோகஸ் செய்வது வளையத்தைத் திருப்பி அல்ல. கேமராவையே முன்னும் பின்னும் அசைத்துத்தான்.

ஹீலியோஸ் ஏன் வேண்டாம்

ஹீலியோஸ் 44-2 நல்ல லென்ஸ். 58 மி.மீ. எஃப்/2, ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனா செய்த பயோட்டார் வடிவமைப்பைப் பின்பற்றி சோவியத்தில் செய்து, ஜெனிட் கேமராக்களோடு ஏராளமாக விற்றது. எட்டு இதழ்கள், இரண்டு வளையங்கள் கொண்ட பிரீசெட் அபெர்ச்சர்: ஒன்றில் எல்லையை வைத்து, மற்றதால் திறந்து மூடுவது. அதை எல்லோரும் தேடுவது பின்னணி சுழன்று தெரிவதற்காக. அந்தச் சுழல் வருவது சட்டகத்தின் ஓரங்களில்: எஃப்/2-இல், ஆள் இரண்டு மீட்டருக்குள் இருந்து, பின்னால் சில மீட்டர் தள்ளி இலை இலையாக மரம் இருக்கும்போது. உங்கள் சென்சார் அந்த ஓரங்களைத்தான் வெட்டி எறிகிறது. சென்சார் பிலிம் அளவே உள்ள முழுச் சட்டக கேமரா இருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன். 55 எஃப்/1.8 கையில் இருக்கும்போது, கிட்டத்தட்ட அதே கோணத்தில் இன்னொன்று எதற்கு?

0.71 மடங்கு ஃபோகல் ரெடியூசர் (பிம்பத்தைச் சுருக்கிச் சென்சாரில் விழச் செய்யும், கண்ணாடி வைத்த அடாப்டர்) போட்டால் அந்த ஓரங்களில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடும், 55 எஃப்/1.8 ஏறத்தாழ 39 மி.மீ. எஃப்/1.3 ஆகும். ஆனால் மலிவான ரெடியூசர்கள் மூலைகளைக் குழப்பும், விளக்கு வந்தால் நடுவில் நீலப் புள்ளி போடும். நல்லவற்றின் விலையில் ஆட்டோ ஃபோகஸ் உள்ள சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4-ஐப் பழையதாகத் தேடலாம். அகலக் கோணத்துக்கும் ஜூமுக்கும் பழைய லென்ஸைத் தேடவே தேடாதீர்கள். பழைய 28 உங்கள் கேமராவில் 42 ஆகிவிடும். அக்காலத்து ஜூம்கள் பெரும்பாலும் கனமானவை, மங்கலானவை. பழையதில் லாபம் 50-இலிருந்து 135 வரை, ஒற்றைக் குவியத் தூர லென்ஸ்களில். அந்த எல்லைக்குள் உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. கல்யாணம், விளையாட்டு, வீடியோ என்று போவதானால் பழையதை நம்பாமல் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸையே வாங்குங்கள்.

சுத்தம் செய்து வந்த பிறகு

அந்தத் தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள். மனசு கேட்காவிட்டால் காலியாக வேறு இடத்தில் வையுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே நாற்றங்கால். பூஞ்சை தழைப்பது காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டும்போது. கடலோர ஊரில் அது எப்போதும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். லென்ஸ் இருக்கும் இடத்தில் 40 முதல் 50 வரை நிற்க வேண்டும்.

மின்சார டிரை கேபினட் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரப்பத மானி, துணிப்பையில் கால் கிலோ நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஜெல் நிறைந்துவிட்டது. 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட வைத்தால் நீலம் திரும்பும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நஞ்சு. சமைக்கும் பாத்திரத்தில் போடாதீர்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். மானி 30-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள், அதீத வறட்சி கிரீஸுக்கும் ரப்பருக்கும் ஆகாது. அரிசி போடுவதால் மாவுத் தூசிதான் சேரும். பாச்சை உருண்டையும் கற்பூரமும் கண்ணாடியில் படலமாகப் படியும், டப்பாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது லென்ஸை ஜிப் பையில் போட்டு மூடி, அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டுத் திறவுங்கள். நேரடியாகத் திறந்தால் கண்ணாடியில் வேர்க்கும். அந்த ஈரம் உள்ளேயும் போகும். பூஞ்சை எடுத்த லென்ஸை முதல் ஆறு மாதம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனி டப்பாவில் வைத்து, மாதம் ஒரு முறை அதே டார்ச் சோதனையைச் செய்யுங்கள். மறுபடி நூல் தெரிந்தால், மெக்கானிக் ஒரு கண்ணாடியை விட்டுவிட்டார் என்று அர்த்தம். எந்தக் கண்ணாடியில், எந்தப் பக்கத்தில் என்று படம் பிடித்துக்கொண்டே போங்கள்.